டிசிபி திருத்தித் தரும்போது எக்ஸ்மோடம் எதற்கு? பழைய கணினியும் மோடம் பிழைத்திருத்தமும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "1980-களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64 ஒன்றை வாங்கி, அதன் பின்னால் வைஃபை மோடம் மாட்டி, இன்றும் இயங்கும் புல்லட்டின் போர்டுகளுக்கு (மோடம் வழியாக அழைத்து, செய்தி படிக்கவும் கோப்பு எடுக்கவும் உதவும் கணினிகளுக்கு) இணைக்கிறேன். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை ஏற்கெனவே பிழைகளைத் திருத்தித்தான் தருகிறது. அப்படியிருக்க டவுன்லோட் செய்யும்போது எக்ஸ்மோடம், பண்டர் என்று ஏதாவது ஒரு கோப்பு அனுப்பும் நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஏன்? அந்தக் காலத்தில் இவை எப்படி வேலை செய்தன? அவை இருந்தும் என் கோப்பு ஏன் பாதியில் நிற்கிறது?"

முதலில் நேரடி பதில். அந்த நெறிமுறை உங்களுக்கு இன்றும் கண்டிப்பாக வேண்டும். பிழைத்திருத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அந்தத் தூரத்துக்கு மட்டும்தான் அது காவல். டிசிபியின் காவல் உங்கள் வைஃபை மோடத்தின் சிப்போடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கொமடோரின் நினைவகத்துக்குள் போய் வட்டில் உட்காரும்வரை உள்ள சில அங்குலங்களில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. பழைய கணினிகளில் பைட்டுகள் அதிகம் தொலைவது அந்த அங்குலங்களில்தான். 1980-களில் பிழைத்திருத்தும் மோடத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, தொடக்கத்திலிருந்து வருவோம். விநாடிக்கு 300 பிட் வேகத்தில் ஓடிய பெல் 103 வகை மோடங்களுக்குப் பிழைத்திருத்தம் என்ற ஒன்றே கிடையாது. வருகிற ஒலி இந்த அதிர்வெண் என்றால் 0, அந்த அதிர்வெண் என்றால் 1, அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரிந்தது. லைனில் ஒரு 'கிளிக்' சத்தம் வந்தால் அதையும் பிட்டாக எடுத்துக்கொண்டு கணினிக்குத் தள்ளிவிடும். திரையில் கடிதம் படிப்பவருக்கு நடுவில் நாலு நெளிவு அடைப்புக்குறி வந்தால் நஷ்டமில்லை. நிரல் ஒன்றை வாங்கும்போது ஒரு பிட் மாறினாலும் அது ஓடாது, அல்லது தவறாக ஓடும். இரண்டாவதுதான் மோசம். ஒவ்வொரு எழுத்தோடும் சரிபார்ப்புக்காகச் சேர்த்து அனுப்பும் பாரிட்டி பிட் இருந்தது உண்மை. ஆனால் ஒரு எழுத்தில் இரண்டு பிட் மாறினால் அதற்குத் தெரியாது. தெரிந்தாலும், திரும்ப அனுப்பு என்று கேட்க வழியில்லை.

அந்தக் கேட்கும் வழியை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தவர் சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன். 1977-ல் சிபி/எம் என்ற இயங்குதளத்தில் ஓடிய கணினிகளுக்காக அவர் எழுதிய சின்ன நிரலில் இருந்த முறைதான் பின்னால் எக்ஸ்மோடம் என்று பெயர் பெற்றது. அடுத்த வருடம், சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்டிருந்த நாட்களில், அவரும் ராண்டி சூயெஸும் சேர்ந்து சிபிபிஎஸ் என்ற முதல் புல்லட்டின் போர்டை உருவாக்கினார்கள். 1978 பிப்ரவரி 16 அன்று அது இயங்கத் தொடங்கியது. கோப்பு அனுப்பும் அந்த நிரலை கிறிஸ்டென்சன் யாருக்கும் விற்கவில்லை, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எளிமையாக இருந்ததால் அகப்பட்ட கணினிக்கெல்லாம் யாராவது ஒருவர் அதை எழுதிக்கொண்டார். பத்து ஆண்டுகள் அந்த உலகமே இதை நம்பி ஓடியதற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்பது என் எண்ணம்.

எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் தொகுதிகளாக வெட்டும். அப்போதைய சிபி/எம் வட்டின் செக்டர் அளவு அது. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் மூன்று பைட்: தொடக்கக் குறி, தொகுதி எண், அந்த எண்ணின் தலைகீழ், அதாவது 255-லிருந்து அதைக் கழித்த மிச்சம். பின்னால் ஒரு பைட் செக்சம், 128 பைட்டுகளையும் கூட்டி வரும் தொகையின் கடைசி எட்டு பிட். ஆக மொத்தம் 132. வாங்குபவர் தானும் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் 'ஏக்' என்ற ஒற்றை எழுத்தை அனுப்புவார், அடுத்த தொகுதி வரும். தவறாக இருந்தால் 'நேக்', அதே தொகுதி மறுபடி வரும். பிழையை இங்கே யாரும் கணக்குப் போட்டுச் சரிசெய்வதில்லை. கண்டுபிடிக்கிறார்கள், திரும்பக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் தொகுதி எண்ணின் வேலையைக் கவனியுங்கள், இந்த வடிவமைப்பின் அழகு அங்கேதான். ஒரு தொகுதி சரியாக வந்து சேர்ந்து, அதற்கான 'ஏக்' வழியில் தொலைந்துபோகிறது என்று வையுங்கள். அனுப்புபவர் அதே தொகுதியைத் திரும்ப அனுப்புவார். எண் இல்லையென்றால் வாங்குபவர் அதை இரண்டு தடவை எழுதிவிடுவார். எண் இருப்பதால், இது முன்பே வந்ததுதானே என்று தெரிந்து, 'ஏக்' மட்டும் சொல்லிவிட்டுத் தூக்கிப்போடுவார். அந்த எண்ணே லைனில் கெட்டுப்போகலாம் என்பதால்தான் தலைகீழையும் சேர்த்து அனுப்புகிறார்கள். இரண்டையும் கூட்டினால் 255 வர வேண்டும்.

குறைகளும் இருந்தன. வெறும் கூட்டலில் இரண்டு பைட் இடம் மாறினால் தெரியாது. ஒன்று கூடி இன்னொன்று அதே அளவு குறைந்தாலும் தெரியாது. முழுக் குப்பையாக வந்த தொகுதியும் 256-ல் ஒரு தடவை தற்செயலாகத் தேறிவிடும். 300 பிட் காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே பிழைகள் பெரும்பாலும் தனித்தனியாக வந்தன. 1200, 2400 வேகத்தின் வி.22, வி.22பிஸ் மோடங்கள் வந்ததும் நிலைமை மாறியது. லைனில் ஒரே மாதிரி பிட் தொடர்ந்து ஓடக்கூடாது என்பதற்காக அந்த மோடங்கள் அனுப்பும் முன் பிட்டுகளைக் கலைத்துவிடும், மறுமுனை மோடம் அவற்றைத் திரும்ப ஒழுங்குபடுத்தும். அந்த ஒழுங்குபடுத்தும் கணக்கு 14 பிட்டுக்கும் 17 பிட்டுக்கும் முன்னால் வந்தவற்றையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் லைனில் ஒரே ஒரு பிட் தவறினால் கணினிக்கு மூன்று பிட் தவறாக வந்து சேரும்: அந்த இடத்தில் ஒன்று, 14 தள்ளி ஒன்று, 17 தள்ளி ஒன்று. அருகருகே இருக்கும் பைட்டுகளில் இப்படிக் கொத்தாக விழும் பிழைக்கு வெறும் கூட்டல் நல்ல காவல் இல்லை.

எனவே செக்சம் இருந்த இடத்தில் 16 பிட் சிஆர்சி வந்தது. இது கூட்டல் இல்லை, தொகுதி முழுவதையும் ஒரே நீளமான எண்ணாக எடுத்துக்கொண்டு வகுத்துப் பார்த்து மீதியை அனுப்பும் முறை. 16 பிட் நீளத்துக்குள் விழும் கொத்துப் பிழை எதையும் இது தவறவிடாது. கண்டபடி வரும் குப்பையிலும் 65,536-ல் ஒன்றுதான் தப்பும். பழைய நிரல்களோடு ஒத்துப்போக அவர்கள் செய்த ஏற்பாடு இன்றும் என்னை வியக்கவைக்கிறது. வாங்குபவர் தொடக்கத்தில் 'நேக்' அனுப்புவதற்குப் பதில் 'சி' என்ற எழுத்தை அனுப்புவார். சிஆர்சி தெரிந்த அனுப்புநர் புரிந்துகொள்வார். தெரியாதவர் பேசாமல் இருப்பார், சில தடவை முயன்றுவிட்டு வாங்குபவரே பழைய 'நேக்' முறைக்கு இறங்கிவிடுவார். யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இப்போது உங்கள் கொமடோர் 64. இந்தக் கணினியில் சீரியல் தொடர்புக்கென்று தனிச் சிப் இல்லை. வருகிற ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே டைமர் வைத்து, வேலையை இடையில் நிறுத்தி, தானே எண்ணிப் படிக்கிறது. கெர்னலில், அதாவது கணினிக்குள்ளேயே வரும் அடிப்படை மென்பொருளில், இருக்கும் நிரல் 1200 வரை ஒழுங்காக ஓடும். 2400-க்கு டெர்மினல் நிரல் எழுதியவர்கள் அந்த நேரக் கணக்கைத் தாங்களே திரும்ப எழுதிக்கொண்டார்கள். திரையை வரையும் சிப் அவ்வப்போது பிராசஸரை நிறுத்திவைத்து நினைவகத்தைப் படிக்கும், அந்த இழுபறி வேறு. எல்லாவற்றுக்கும் மேல், 1541 வட்டு இயக்கியோடு பேசும் வேலையும் துல்லியமான நேரக் கணக்கில் நடப்பதுதான். மோடத்திலிருந்து பிட் வாங்குவதும் வட்டுக்கு எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. வட்டோடு பேசத் தொடங்கும் முன் கெர்னலே மோடம் பக்கத்தை நிறுத்திவைத்துவிடும். அந்த நேரத்தில் எதிர்முனை எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், அவை போனவைதான்.

எக்ஸ்மோடமின் 'ஒன்று அனுப்பு, பதிலுக்குக் காத்திரு' என்ற மெதுவான நடை இங்கே பெரிய வரமாகிறது. தொகுதி வந்து முடிந்ததும் எதிர்முனை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். கொமடோர் நிதானமாக வட்டில் எழுதிவிட்டு, அப்புறம் 'ஏக்' சொல்லலாம். கெர்னலின் மோடம் பஃபர், அதாவது வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம், 256 பைட், 132 பைட் தொகுதி அதற்குள் தாராளமாக அடங்கும். நேற்றைய மெதுவான நெறிமுறை எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை.

கொமடோர்காரர்களுக்கென்றே டொரன்டோ பகுதியைச் சேர்ந்த ஸ்டீவ் பண்டர் எழுதிய நெறிமுறைதான் உங்கள் பட்டியலில் பண்டர் அல்லது சி1 என்று இருப்பது. அதில் இரண்டு நல்ல யோசனைகள் உண்டு. ஒன்று, இரண்டு விதமான செக்சம், ஒன்று கூட்டல், இன்னொன்று பிட்டுகளைச் சுழற்றிக்கொண்டே போடும் கணக்கு. பைட் இடம் மாறினால் இரண்டாவது காட்டிக்கொடுத்துவிடும். மற்றொன்று, பதில் சொல்லும் முறை. எக்ஸ்மோடமில் 'ஏக்', 'நேக்' இரண்டும் ஒற்றை எழுத்து, அவற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. லைன் இரைச்சல் தற்செயலாக அந்த எழுத்தாக வந்துவிட்டால் குழப்பம்தான். கோப்பு முடிந்தது என்று சொல்லும் குறியும் ஒற்றை எழுத்தே. பண்டரில் நல்லது, கெட்டது, தொகுதியை அனுப்பு என்பவை எல்லாம் மூன்று எழுத்துச் சொற்கள். இரைச்சலில் மூன்று எழுத்து வரிசையாகப் பொருந்தி வருவது அரிது.

கெர்மிட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1981-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்ச்சிங்ஸும் உருவாக்கியது. அவர்கள் கவலை வேறு: மாணவர்களின் சின்னக் கணினிகளுக்கும் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிகளுக்கும் இடையே கோப்பு போக வேண்டும். பெரிய கணினிகளோ ஏழு பிட் எழுத்துகளை மட்டும்தான் விட்டன, கட்டுப்பாட்டு எழுத்துகளைத் தாங்களே விழுங்கின. எனவே கெர்மிட் எல்லாவற்றையும் அச்சாகும் எழுத்துகளாக மாற்றி, சின்னப் பொட்டலங்களாக அனுப்பியது. மெதுவாகத்தான் போகும், ஆனால் மற்ற எதுவும் போகாத இடத்தில் அது போகும். உங்கள் இணைப்பில் எட்டாவது பிட் தொலைகிறது என்று சந்தேகம் வந்தால் கெர்மிட்டை முயன்று பாருங்கள்.

மெதுவாகப் போவது எப்போது பிரச்சினையானது என்றால், லைன் வேகம் ஏறியபோது. 300-ல் ஒரு எக்ஸ்மோடம் தொகுதி போக 4.4 விநாடி ஆகும், பதிலுக்குக் காத்திருக்கும் கால் விநாடி ஒரு பொருட்டே இல்லை. 9600-ல் அதே தொகுதி 0.14 விநாடியில் போய்விடும், அப்புறம் கால் விநாடி சும்மா நிற்கும். செயற்கைக்கோள் வழியாகவோ பொட்டல வலையமைப்பு வழியாகவோ அழைப்பு போனால் இன்னும் மோசம். 1,024 பைட் தொகுதியோடு சக் ஃபோர்ஸ்பெர்க்கின் ஒய்மோடம் வந்தது, கோப்பின் பெயரையும் அளவையும் முன்கூட்டியே சொன்னது. 1986-ல் அதே சக் ஃபோர்ஸ்பெர்க், டெலிநெட் வலையமைப்பின் பண உதவியோடு இசட்மோடமை எழுதினார். பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்து அனுப்பும். பிழை வந்தால் வாங்குபவர் 'இத்தனையாவது பைட்டிலிருந்து திரும்ப வா' என்பார். தொகுதி எண்ணைச் சொல்லாமல் பைட்டின் இடத்தைச் சொல்வதால், இணைப்பு அறுந்துபோன கோப்பை மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறிய காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி!

இவை எல்லாம் கணினியில் ஓடிய மென்பொருள்கள். இதற்கிடையே, மாசசூசெட்ஸின் மைக்ரோகாம் நிறுவனம் பிழைத்திருத்தத்தை மோடத்துக்குள்ளேயே வைத்தது. அதுதான் எம்என்பி. இரண்டு மோடங்களும் தங்களுக்குள் பொட்டலம் கட்டி, சரிபார்த்து, திரும்பக் கேட்டுக்கொள்ளும், கணினிக்குச் சுத்தமான எழுத்துகள்தான் வரும். கூடவே வேக ஆதாயமும் இருந்தது. சாதாரண முறையில் எட்டு பிட் எழுத்துக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட் போகும். எம்என்பி மூன்றாம் வகுப்பிலிருந்து மோடங்கள் அந்த இரண்டையும் கழற்றிவிட்டன. 1988-ல் சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான சிசிஐடிடி வெளியிட்ட வி.42 தரம் எல்ஏபிஎம் என்ற புதிய முறையை முதன்மையாகவும் எம்என்பியை மாற்றாகவும் ஏற்றுக்கொண்டது.

அத்தகைய மோடத்தின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் பிசிக்கான சில டெர்மினல் நிரல்கள் எம்என்பியை மென்பொருளாகவே செய்து கொடுத்தன. சாதாரண மோடம் போதும், எதிர்முனையில் எம்என்பி மோடம் இருந்தால் அதோடு உங்கள் நிரல் பேசிக்கொள்ளும். தொடக்க பிட், முடிவு பிட் ஆதாயம் இதில் கிடைக்காது, ஏனென்றால் உங்கள் மோடம் அவற்றை ஒட்டித்தான் அனுப்பும். ஆனால் இன்னொரு ஆதாயம் உண்டு, அதை அப்போது விளம்பரங்கள் சொல்லவில்லை. சரிபார்ப்பு உங்கள் கணினியின் நினைவகத்தில் நடப்பதால், மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே உள்ள கம்பியும் காவலுக்குள் வந்துவிடுகிறது. 1990-களில் ராக்வெல்லின் ஆர்பிஐ வகை மலிவு மோடங்கள் இதே வழியில் போயின. பிழைத்திருத்தம் விண்டோஸ் மென்பொருளில், மோடத்தில் ஒன்றுமில்லை. பெட்டியில் வி.42 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, அந்த மென்பொருள் ஓடாத கணினியில் மாட்டியவர்களுக்கு அது சாதாரண மோடமாகவே இருந்தது. அப்படி விற்றது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

இனி, பிழைத்திருத்தும் நல்ல மோடம் வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள், உங்கள் வைஃபை மோடம் அவர்களுடைய மோடத்தின் நேர் வாரிசு. அந்த மோடத்தில் பஃபர் உண்டு. லைன் வேகமும் கணினிப் பக்கத்து வேகமும் இனி ஒன்றல்ல. மோடம் கணினிக்கு 19,200-ல் கொட்டும், அரை மில்லிவிநாடிக்கு ஒரு எழுத்து. பழைய பிசிகளில் மோடத்திலிருந்து எழுத்துகளை வாங்கும் 8250 சிப் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்துவைக்கும். பிராசஸர் வட்டு வேலையில் அரை மில்லிவிநாடி தாமதித்தால் அடுத்த எழுத்து முந்தையதன் மேல் விழும். மோடத்தைக் கேட்டால், நான் சரியாகத்தான் கொடுத்தேன் என்று சொல்லும், அது உண்மையும்கூட. பதினாறு எழுத்து வைத்துக்கொள்ளும் 16550ஏ சிப்பையும், 'கொஞ்சம் நிறுத்து' என்று மோடத்துக்குச் சொல்லும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கம்பிகளையும் மக்கள் தேடி ஓடியது இதனால்தான். ஒய்மோடம்-ஜி என்று ஒன்று வந்தது: மோடமே திருத்துகிறது என்று நம்பி, திரும்பக் கேட்கும் வசதியை எடுத்துவிட்ட வகை. ஒரு எழுத்து தொலைந்தாலும் முழு டவுன்லோடும் ரத்து. அதிலும் சிஆர்சியை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.

எனவே உங்களுக்கு என் யோசனை. 1200 அல்லது 2400-ல் இணைத்து, பண்டர் அல்லது எக்ஸ்மோடம்-சிஆர்சியைத் தேர்ந்தெடுங்கள். சீரியல் தொடர்புக்கான 6551 சிப் உள்ள ஸ்விஃப்ட்லிங்க் வகை கார்ட்ரிட்ஜ் இருந்தால் 38,400 வரை போகலாம். அந்த வேகத்தில் எதிர்முனை கால் விநாடி தொலைவில் இருந்தால், எக்ஸ்மோடம் விநாடிக்கு ஏறக்குறைய 450 பைட்தான் தரும், 1,024 பைட் தொகுதி ஏறக்குறைய 2,000 தரும். அங்கே பெரிய தொகுதிக்குப் பொருள் உண்டு.

கோப்பு பாதியில் நிற்பதற்கு, எந்தத் தொகுதியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் பிழை வந்தால், எழுத்துகள் நிரம்பி வழிகின்றன என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள், அல்லது கம்பிவழி நிறுத்தக் குறியை (ஆர்டிஎஸ்/சிடிஎஸ்) இயக்குங்கள். எத்தனை தடவை முயன்றாலும் அதே தொகுதியில் நின்றால் அது இரைச்சலே இல்லை. இணையம் வழியாக போர்டுக்கு இணைக்கும் டெல்நெட் நெறிமுறையில் 255 என்ற பைட் கட்டளையின் தொடக்கம், தரவாக அனுப்ப அதை இரட்டித்து அனுப்ப வேண்டும். போர்டும் உங்கள் மோடமும் இதில் ஒத்துப்போகவில்லையென்றால் 255 வரும் இடத்தில் ஒரு பைட் குறையும் அல்லது கூடும். கோப்புக்குள் அந்த பைட் இல்லாவிட்டாலும் தப்ப முடியாது, எக்ஸ்மோடமின் 255-ஆவது தொகுதியின் தலைப்பிலேயே அது இருக்கிறது. 32 கேபிக்குச் சற்று முன்னால் டவுன்லோட் செத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். மோடத்தின் கையேட்டில் டெல்நெட் மாற்றம் பற்றிய கட்டளையைத் தேடி, இப்போது இருப்பதற்கு எதிராக மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: எக்ஸ்மோடம் கடைசித் தொகுதியை 128-க்கு நிரப்பிவிடும் என்பதால் கோப்பின் வாலில் சில உபரி பைட்டுகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலான நிரல்களுக்கு இதனால் தொல்லையில்லை. 1541 வட்டின் முழுப் படியான டி64 கோப்பு 174,848 பைட், அது 128-ஆல் மீதியின்றி வகுபடும். அதில் ஒரு பைட்கூடக் கூடுதலாகச் சேராது.